ஓக்-ஹிக்கரி காட்டில் ஹிக்கரி எங்கே?

வட கரோலினாவின் சார்லட் நகரில் இருக்கும் ஒருவர் கேட்டதன் சுருக்கம் இது: வார இறுதிகளில் ஆஷ்வில் பக்கம் மலை ஏறப் போகிறோம். அங்கே இருப்பது மலை ஓக்-ஹிக்கரி காடு என்கிறார்கள். ஓக் எங்கு பார்த்தாலும் நிற்கிறது, ஹிக்கரியைத்தான் காணோம். இன்னும் கொஞ்சம் மேலே போனால் அதே ஓக் காட்டுக்கு வேறு பெயர் சொல்கிறார்கள். இப்படிச் சேர்ந்து வளரும் மரம் செடிகளின் கூட்டங்களை, அதாவது தாவரச் சமூகங்களை, எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? கடைசியாக, இந்த ஓக் கொட்டைகளைக் கொண்டுபோய்க் கொடைக்கானலில் நட்டால் வருமா?

ஹிக்கரியைப் பொறுத்தவரை நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் காட்டில் ஆட்சி ஓக்கின் கையில். ஹிக்கரி எங்கேயும் இருக்கும், ஆனால் கூட்டமாக நிற்பது அபூர்வம். ஓக்குகளுக்கு நடுவே ஒன்றிரண்டாக, உச்சியில் மட்டும் தலை காட்டிக்கொண்டு நிற்கும். கோடையில் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. அக்டோபர் பாதிக்கு மேல் போனீர்கள் என்றால் தேடவே வேண்டாம். ஓக் பழுப்பும் மங்கிய சிவப்புமாக மாறிக்கொண்டிருக்கும்போது ஹிக்கரி பளிச்சென்று மஞ்சளாகிவிடும். எதிர்ச் சரிவில் எத்தனை ஹிக்கரி என்று காரில் உட்கார்ந்தபடியே எண்ணிவிடலாம்.

இன்னொரு விஷயம், அந்தக் காட்டின் பெயரே புதிது. நூறு வருடத்துக்கு முன்னால் இதே சரிவுகளைப் பற்றி எழுதியவர்கள் ஓக்-செஸ்ட்நட் காடு என்றுதான் எழுதினார்கள். செஸ்ட்நட் என்ற கொட்டை மரம் ஒரு நோயில் செத்துப்போன பிறகு அதன் இடத்தை மிச்சமிருந்த மரங்கள் பங்கு போட்டுக்கொண்டன. நீங்கள் பார்ப்பது அந்தப் பாகப்பிரிவினைக்குப் பிந்தைய காடு. பங்கு பிரிப்பு இன்னும் முடியவில்லை என்பதுதான் என் கருத்து. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊரில் ஓக் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவு வருவது நீலகிரி, வால்பாறை தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வைத்திருக்கும் சில்வர் ஓக். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம், ஓக்குக்கு எந்த உறவும் இல்லை. உண்மையான ஓக் இந்தியாவில் இமயமலைப் பகுதிகளில் உண்டு. தென்னிந்திய மலைகளில் இயற்கையாக ஒரு இனம்கூடக் கிடையாது. அதனால் நமக்கு ஓக் காடு என்பது முதல் முறை பார்க்கும்போது அந்நியமாகத்தான் இருக்கும்.

அந்த மலைகளில் ஐந்து ஓக்குகளைத் தெரிந்துகொண்டால் போதும். வெள்ளை ஓக்கின் இலை மடல்கள் முனையில் உருண்டிருக்கும், பட்டை வெளிறிய சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக இருக்கும். சிவப்பு ஓக்கின் இலை மடல் ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய முள் போன்ற நுனியில் முடியும். அதன் பட்டையில் மேலிருந்து கீழாகப் பளபளக்கும் நீளமான வரிகள் ஓடும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். செஸ்ட்நட் ஓக் என்பது பெயரில் மட்டும்தான் செஸ்ட்நட். இலை விளிம்பு அலை அலையாக இருக்கும், பட்டை கறுத்து, தடித்து, விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருக்கும். கருப்பு ஓக், ஸ்கார்லெட் ஓக் இரண்டும் சிவப்பு ஓக்கின் சொந்தக்காரர்கள். இவை தமக்குள் கலந்து கலப்பினங்களையும் உண்டாக்குவதால் தாவரவியல் படித்தவர்களும் சில மரங்களின் முன்னால் தலையைச் சொறிவார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

ஹிக்கரி அதைவிட எளிது. ஓக்கின் இலை தனி இலை, ஹிக்கரியின் இலை வேப்பிலை போல ஒரே காம்பில் பல சிற்றிலைகள் கொண்டது. சிற்றிலைகள் ஐந்தாக, வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் பிக்நட் ஹிக்கரி. ஏழோ ஒன்பதோ இருந்து, காம்பு ரோமமாக இருந்து, கசக்கினால் வாசனை வந்தால் மாக்கர்நட் ஹிக்கரி. குளிர்காலத்தில் மொட்டு கந்தகம் போல மஞ்சளாக இருந்தால் பிட்டர்நட். பட்டை நீள நீளப் பட்டைகளாக உரிந்து தொங்கினால் ஷாக்பார்க். ஒரே எச்சரிக்கை, வெள்ளை ஆஷ் மரத்துக்கும் இதே மாதிரி கூட்டிலை உண்டு. ஆஷில் இலைகள் கிளையில் எதிரெதிரே முளைக்கும், ஹிக்கரியில் மாற்றி மாற்றி. கடைகளில் விற்கும் பீக்கன் கொட்டையும் ஒரு ஹிக்கரி இனம்தான், ஆனால் அதன் சொந்த ஊர் மிசிசிப்பி ஆற்றுச் சமவெளிகளின் பக்கம். இந்த மலைகளில் இயற்கையாக வளர்வதில்லை.

சரி, சமூகங்களுக்கு வருவோம். அங்கே முதல் விதி, எந்தச் சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. ஆஷ்வில் ஏறக்குறைய 35 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அங்கே தெற்கையும் தென்மேற்கையும் பார்க்கும் சரிவுகள் நாள் முழுக்க வெயில் வாங்கிக் காய்ந்துவிடும், வடக்கையும் கிழக்கையும் பார்ப்பவை குளிர்ந்து ஈரமாக இருக்கும். ஒரே மலையில், ஒரே உயரத்தில், முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் வேறு காட்டுக்குள் நுழைந்துவிடுவீர்கள். நம் ஊரில் மழை மறைவுப் பகுதி என்று பள்ளியில் படித்தோமே, அதுவும் இங்கே உண்டு. ஆஷ்வில் இருக்கும் பள்ளத்தாக்கில் ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழை. அங்கிருந்து அதிக தூரமில்லாத டாக்ஸவே ஏரிப் பக்கம் 2000-க்கும் மேல்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மலையைக் கீழிருந்து மேலே ஏறிப் பாருங்கள். ஓடை ஓடும் மடிப்புகளில், மண் ஆழமாகவும் ஈரமாகவும் உள்ள இடத்தில் ட்யூலிப் மரம், பாஸ்வுட், பக்கை, சர்க்கரை மேப்பிள் எல்லாம் கலந்து நிற்கும். உள்ளூரில் கோவ் காடு என்பார்கள். வசந்த காலத்துப் பூச்செடிகளுக்குப் பேர்போனது இதுதான். அதைவிட்டு நடுச் சரிவுக்கு ஏறினால், சுமார் 600 முதல் 1200 மீட்டர் உயரத்தில், மண் ரொம்பவும் ஈரமில்லை, ரொம்பவும் வறட்சியில்லை என்ற நிலையில் மலை ஓக்-ஹிக்கரி காடு தொடங்கும். வெள்ளை ஓக்கும் சிவப்பு ஓக்கும் முக்கியம், கூடவே ஹிக்கரிகள். பக்கவாட்டில் மண் மெலிந்த, கல் பரவிய முகட்டுக்குப் போனால் செஸ்ட்நட் ஓக் தனிக்காட்டு ராஜா. அங்கே ஹிக்கரி அநேகமாக இல்லாமல் போகும், கீழே மவுண்டன் லாரல் புதர் இடுப்பளவுக்கு அடைத்துக்கொண்டிருக்கும். அதைவிடக் காய்ந்த, தெற்கு பார்த்த பாறை முகடுகளில் டேபிள் மவுண்டன் பைன், பிட்ச் பைன் என்று பைன்கள் வந்துவிடும்.

இன்னும் மேலே, 1100 மீட்டரைத் தாண்டி 1500, 1600 வரை போனால் வெள்ளை ஓக் குறைந்து சிவப்பு ஓக் மட்டும் ஆளும் காடு வரும். நீங்கள் வேறு பெயர் சொல்கிறார்கள் என்றது பெரும்பாலும் இதைத்தான், உயர்மலைச் சிவப்பு ஓக் காடு. காற்றும் பனிக்கட்டியும் கிளைகளை ஒடித்து ஒடித்து, மரங்கள் குள்ளமாகவும் முறுக்கிக்கொண்டும் நிற்கும். கீழே பெரணியும் புல் போன்ற கோரைகளும் பரந்திருக்கும். அதற்கும் மேலே பீச், மஞ்சள் பிர்ச். கடைசியில் ஸ்ப்ரூஸ், ஃபர். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அமெரிக்காவின் மிக உயரமான சிகரமான மிட்செல் மலையின் உச்சியில், 2037 மீட்டரில், இருப்பது அந்தக் கடைசிக் காடு.

இரண்டாவது விதி, அடியில் என்ன பாறை என்பது. நடந்து போகிற பலரும் இதைக் கவனிப்பதில்லை, எனக்கு என்னவோ இதுதான் சுவாரசியம். ஆஷ்விலைச் சுற்றியுள்ள ப்ளூ ரிட்ஜ் மலைகளில் பெரும்பாலும் நைஸ், ஷிஸ்ட் பாறைகள். அவற்றிலிருந்து வரும் மண் அமிலத் தன்மை கொண்டது, சத்துக் குறைவு. சில இடங்களில் மட்டும் ஆம்பிபோலைட் என்ற கருத்த பாறை எட்டிப் பார்க்கும். அதில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அந்த மண்ணில் நிற்கும் ஓக்-ஹிக்கரி காட்டில் ஹிக்கரிகளின் பங்கு கூடும், வெள்ளை ஆஷ் வந்து சேரும். தரையில் லாரல், ப்ளூபெர்ரி போன்ற அமிலம் விரும்பிகள் ஒதுங்கி, ப்ளாக் கோஹோஷ், ப்ளட்ரூட் என்று சிறுசெடிகள் பெருகும். வட கரோலினாவின் இயற்கை மரபு திட்டத்துக்காக மைக்கேல் ஷாஃபலேயும் ஆலன் வீக்லியும் 1990-ல் மாநிலத்துத் தாவரச் சமூகங்களை வகைப்படுத்தினார்கள். பிறகு அதை விரிவாக்கியபோது மலை ஓக்-ஹிக்கரி காட்டையே அமில வகை, கார வகை என்று உள்வகைகளாகப் பிரித்ததற்கு அடிப்படை இந்த வேறுபாடுதான். மேலே நிற்கும் ஓக்குகளை வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். தரையைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஆக, ஹிக்கரி அதிகம் பார்க்க வேண்டுமானால் தரையில் சிறுசெடி அடர்ந்த இடமாகத் தேடுங்கள். ஹிக்கரி இலையிலும், அதன் கீழே நிற்கும் டாக்வுட் இலையிலும் கால்சியம் அதிகம். உதிர்ந்து மக்கும்போது அது மேல்மண்ணுக்கே திரும்புகிறது. மண் மரத்தைத் தேர்வு செய்கிறது, மரம் மண்ணைக் கொஞ்சம் மாற்றுகிறது.

கீழ்த்தட்டுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச ஆசை, ஏனென்றால் இந்தக் காட்டின் குணம் அங்கேதான் இருக்கிறது. ஓக்கின் இலைவிதானம் மேப்பிள் அளவுக்கு அடர்த்தியாக இருக்காது, வெயில் சல்லடை போல இறங்கும். அந்த வெளிச்சத்தில் சோர்வுட், டாக்வுட், ப்ளாக் கம் போன்ற சிறு மரங்கள் ஒரு தட்டு. நம் செண்பகத்தின் பேரினத்தைச் சேர்ந்த ஃப்ரேசர் மக்னோலியாவும் அங்கங்கே நிற்கும். அதற்குக் கீழே புதர்கள். மே கடைசியிலும் ஜூனிலும் ஆரஞ்சு நிறத்தில் தீப்பிடித்த மாதிரிப் பூக்கும் ஃப்ளேம் அசேலியா இந்த ஓக் காடுகளின் அடையாளம். 1770-களில் இந்த மலைகளைச் சுற்றிய தாவரவியலாளர் வில்லியம் பார்ட்ரம் இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். ஊட்டி, கொடைக்கானல் சோலைகளின் ஓரத்தில் சிவப்பாகப் பூக்குமே, அந்த ரோடோடெண்ட்ரானின் பேரினம்தான் இதுவும்.

பஃபலோ நட் என்று ஒரு சாதாரணப் புதர் உண்டு. பார்க்க ஒன்றும் விசேஷமில்லை, பேரிக்காய் வடிவில் சின்னக் காய் காய்க்கும். அது மண்ணுக்குள் பக்கத்துச் செடிகளின் வேரைத் துளைத்து நீரும் சத்தும் உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி. இலையில் பச்சையம் உண்டு, உணவும் தயாரிக்கும், ஆனாலும் அடுத்தவர் வேரை விடாது. சந்தன மரம் எப்படி வாழ்கிறதோ அப்படியே. தற்செயல் ஒற்றுமையும் இல்லை, இரண்டும் ஒரே தாவர வரிசையைச் சேர்ந்தவை. இதே பேரினத்தின் இன்னொரு இனம் இமயமலையில் வளர்கிறது. ஜவ்வாது மலையில் சந்தனம் பார்த்தவர்களுக்கு ஆஷ்வில் காட்டில் ஒரு தூரத்து உறவு.

வேரில் நடக்கும் திருட்டு அதோடு முடியவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஓக் மரத்தடியில் சருகுக்கு மேலே இளமஞ்சள் சோளக்கதிர் மாதிரி கொத்தாக முளைத்திருப்பதைப் பார்த்தால் அது பேர் கார்ன். பச்சையமே கிடையாது. ஓக் வேரை, முக்கியமாகச் சிவப்பு ஓக் வகைகளின் வேரை நம்பியே வாழ்கிறது. கரடிகள் விரும்பித் தின்னும். கோடையில் வெள்ளை வெளேரென்று தலை குனிந்து நிற்கும் கோஸ்ட் பைப் இன்னும் தந்திரமானது. அது நேரடியாக மரத்தைத் தொடுவதில்லை. மரத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் பூஞ்சையிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

தரையில் பளபளக்கும் வட்ட இலைகளோடு விரிப்பு போலப் படர்ந்திருப்பது கேலக்ஸ். அமில மண் என்பதற்கு நம்பகமான சாட்சி. குளிர்காலத்தில் வெண்கல நிறமாகும் அந்த இலையைப் பூ அலங்காரக் கடைகளுக்காகப் பறிப்பது இந்த மலைகளில் பழைய தொழில். வர்ஜீனியாவில் அந்தப் பெயரிலேயே ஒரு ஊர் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் காட்டுக்குள் நடக்கும்போது ஏதோ செத்துக் கிடக்கிற மாதிரி நாற்றம் அடித்தால் பயப்பட வேண்டாம், கேலக்ஸ் திட்டுகளுக்கே அந்த வாடை உண்டு.

இப்போது செஸ்ட்நட். 1904-ல் நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் சில செஸ்ட்நட் மரங்கள் காய்ந்துபோவதைக் கவனித்தார்கள். ஆசியாவிலிருந்து கொண்டுவந்த நாற்றுகளோடு வந்த ஒரு பூஞ்சை காரணம். பட்டைக்குள் புகுந்து தண்டைச் சுற்றி வளைத்துவிடும், அதற்கு மேலே உள்ள பகுதி செத்துவிடும். காற்றிலும் பறவைக் காலிலும் பரவி 1920-களில் இந்தப் பக்கத்துத் தெற்கு அப்பலாச்சியா மலைகளுக்கு வந்தது. 1940 வாக்கில் பெரிய மரங்கள் அநேகமாக எல்லாம் போய்விட்டன. மொத்தம் 300 முதல் 400 கோடி மரங்கள் என்று மதிப்பிடுகிறார்கள். சில சரிவுகளில் விதானத்தில் கால் பங்குக்கு மேல் செஸ்ட்நட்டாகவே இருந்தது.

மர எண்ணிக்கையைவிட முக்கியம், அந்த மரம் செய்த வேலை. ஓக் வசந்தத்தில் பூக்கும். பின்பனி ஒன்று தப்பி வந்து அடித்தால் பூ கருகிவிடும், அந்தப் பருவத்தின் காய்ப்பு போச்சு. செஸ்ட்நட் ஜூன், ஜூலையில் பூக்கும் மரம், பனிக்குத் தப்பித்துவிடும், ஆண்டுதோறும் தவறாமல் காய்க்கும். கரடி, வான்கோழி, அணில், மலைக் குடியானவர்களின் பன்றிகள், குடியானவர்களே கூட அதை நம்பி இருந்தார்கள். கூடை கூடையாகப் பொறுக்கி நகரத்துக்கு விற்றார்கள். அது போன பிறகு காட்டு விலங்குகளின் சாப்பாடு ஓக்கின் ஏறுமாறான காய்ப்பைப் பொறுத்ததாகிவிட்டது. கொட்டை விளையாத ஆண்டில் ஆஷ்வில் தெருக்களில் குப்பைத் தொட்டியைக் கரடி உருட்டுவது அதிகமாகிறது என்றால், அதற்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

செஸ்ட்நட் முழுக்க அழியவில்லை என்பதுதான் வேடிக்கை. வேரைப் பூஞ்சை தொடுவதில்லை. அதனால் பழைய வேர்களிலிருந்து இன்றும் தளிர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நீளமான, விளிம்பெல்லாம் ரம்பப் பற்கள் கொண்ட இலையோடு ஆளுயரத்துக்கும் கொஞ்சம் மேலே வளர்ந்த ஒரு புதரைப் பாதையோரம் பார்த்தால் நின்று பாருங்கள், செஸ்ட்நட்டாக இருக்கலாம். பெரும்பாலும் பூக்கும் வயது வருவதற்குள் பூஞ்சை மறுபடி பிடித்துவிடும். மரமாக இருந்தது இப்போது புதர்த் தட்டில் வாழ்கிறது. ஆஷ்விலில் தலைமையகம் கொண்ட அமெரிக்கன் செஸ்ட்நட் ஃபவுண்டேஷன் 1983 முதல் சீனச் செஸ்ட்நட்டோடு கலந்து நோய் தாங்கும் மரத்தை உருவாக்கப் பாடுபடுகிறது. மரபணு மாற்றிய டார்லிங் வகை மீது பெரிய நம்பிக்கை இருந்தது. 2023 கடைசியில், சோதனையில் இருந்தது தாங்கள் நினைத்த மரபணு மாற்ற வகையே இல்லை, வேறொன்று என்று தெரிந்து அந்த அமைப்பு தன் ஆதரவை விலக்கிக்கொண்டது.

செஸ்ட்நட்டின் இடம் யாருக்குப் போகும் என்று அப்போதே பலர் யோசித்தார்கள். ப்ளூ ரிட்ஜ் மலைகளில் ஆய்வு செய்த கேத்தரின் கீவர் 1953-ல், இது ஓக்-ஹிக்கரி காடாக மாறும் என்று சொன்னார். வர்ஜீனியாவின் பீன்ஃபீல்ட் மலையில் நோய்க்குப் பிந்தைய காட்டை ஆராய்ந்த இருவர் 1980-ல் தங்கள் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே "கேத்தரின் கீவர், நீங்கள் சொன்னது சரிதான்" என்று எழுதிவிட்டார்கள். ஆய்வு இதழ்களில் இப்படிப்பட்ட தலைப்பு அபூர்வம். எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. ஈரமான மடிப்புகளில் ட்யூலிப் மரம் முந்திக்கொண்டது, சில ஓடைக்கரைகளில் பெரிய ரோடோடெண்ட்ரான் புதர் அடைத்து வேறெதையும் முளைக்கவிடவில்லை, காய்ந்த முகடுகளைச் செஸ்ட்நட் ஓக்கும் சிவப்பு மேப்பிளும் எடுத்துக்கொண்டன.

இங்கேதான் உங்கள் கேள்வியின் வேர் இருக்கிறது. தாவரச் சமூகம் என்று ஒன்று நிஜமாகவே உண்டா? 1916-ல் சூழலியலாளர் ஃப்ரெடெரிக் க்ளெமென்ட்ஸ், காடு என்பது பிறந்து வளர்ந்து முதிரும் ஒரே உயிரி போன்றது என்றார். இன்னொரு சூழலியலாளர் ஹென்றி க்ளீசன் 1926-ல் மறுத்தார். பேருந்து நிலையத்தில் நிற்கும் கூட்டம் மாதிரிதான், ஒவ்வொருவரும் தன் தன் காரணத்துக்காக வந்து நிற்கிறார்கள் என்பது அவர் கட்சி. இந்தச் சண்டைக்குக் கணிசமான பதில் இதே மலைகளிலிருந்துதான் வந்தது. ராபர்ட் விட்டேக்கர் 1947 கோடையில் க்ரேட் ஸ்மோக்கி மலைகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் மரங்களை எண்ணி, 1956-ல் முடிவை வெளியிட்டார். உயரமும் ஈரமும் மாற மாற ஒவ்வொரு இனமும் தனித்தனியாகக் கூடிக் குறைகிறது, ஒரு சமூகம் முடிந்து அடுத்தது தொடங்கும் கோடு என்று பெரும்பாலான இடங்களில் இல்லை என்று காட்டினார்.

அதனால் தகவல் பலகையில் உள்ள பெயரை மாவட்ட எல்லை போல எடுத்துக்கொள்ள வேண்டாம். நிலத்தைப் பராமரிப்பவர்களுக்கும் வரைபடம் போடுபவர்களுக்கும் ஏதாவது ஒரு இடத்தில் கோடு போட்டாக வேண்டும், போடுகிறார்கள். வெள்ளை ஓக் குறையத் தொடங்கும் இடத்திலிருந்து முழுக்க மறையும் இடம் வரைக்கும் இருக்கும் அந்த நூறு இருநூறு மீட்டர் உயரத்தில் நிற்கும் காட்டை நீங்கள் இரண்டு பெயரில் எதைச் சொல்லி அழைத்தாலும் தப்பில்லை. செஸ்ட்நட் போனபோது ஓக்குகள் சாகவில்லை, அசேலியா சாகவில்லை. காடு ஒரே உடம்பாக இருந்திருந்தால் அப்படி நடந்திருக்காது. க்ளீசன் பக்கம்தான் நான், அதை ஒளிக்கவில்லை.

பங்கு பிரிப்பு முடியவில்லை என்றேன். காரணம் தீ, சரியாகச் சொன்னால் தீ இல்லாமை. இந்த மலைகளின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களும் பிறகு வந்த வெள்ளைக் குடியேறிகளும் இந்தக் காடுகளின் தரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரித்து வந்தார்கள். ஓக்குக்குத் தடித்த பட்டை. நாற்று எரிந்துபோனாலும் வேரில் சேமித்து வைத்திருப்பதைக் கொண்டு மறுபடி துளிர்க்கும். மெல்லிய பட்டை கொண்ட மேப்பிளுக்கு அது முடியாது. இருபதாம் நூற்றாண்டில் காட்டுத்தீயை அடியோடு அடக்கத் தொடங்கியதும் மேப்பிளுக்குக் கொண்டாட்டம். ஓக் இலை சுருண்டு, காற்றோட்டமாகக் கிடந்து, சீக்கிரம் காய்ந்து நன்றாக எரியும். மேப்பிள் இலை தட்டையாகப் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், சீக்கிரம் மக்கும். மேப்பிள் கூடக் கூடத் தரை நிழலாகி ஈரமாகிறது, ஈரமாக ஆகத் தீ பிடிப்பதில்லை, தீ பிடிக்காததால் இன்னும் மேப்பிள். கிரெகரி நோவாக்கியும் மார்க் ஏப்ரம்ஸும் 2008-ல் இந்தச் சுழலை விளக்கி எழுதியதிலிருந்து அது ஒரு பெரிய விவாதம். மண்ணுக்குள்ளும் மாற்றம் நடக்கிறது. ஓக்கும் ஹிக்கரியும் கூட்டு வைத்திருக்கும் பூஞ்சைகள் ஒரு ரகம், மேப்பிளும் ட்யூலிப் மரமும் வைத்திருப்பவை வேறு ரகம். சருகு மக்கும் வேகம், நைட்ரஜன் சுற்றும் விதம் எல்லாம் அதோடு மாறும்.

இதை நீங்களே பார்க்கலாம். அடுத்த முறை போகும்போது அண்ணாந்து பார்க்காமல் இடுப்பளவு உயரத்தில் என்ன வளர்கிறது என்று பாருங்கள். மேலே எல்லாம் ஓக், கீழே எல்லாம் சிவப்பு மேப்பிள் என்ற காட்சி சாதாரணம். மேலே நிற்பவை பெரும்பாலும் 80, 100 வயது மரங்கள். 1880 முதல் 1930 வரை ரயில் பாதை போட்டு வெட்டிய காலத்துக்கும் செஸ்ட்நட் சாவுக்கும் பிறகு எழுந்தவை. அவை விழும்போது இடத்தைப் பிடிக்கக் கீழே ஓக் தயாராக இல்லை. வனத்துறையினர் இப்போது கட்டுப்படுத்திய தீ வைத்தும், மேல்மரங்களில் சிலவற்றைக் கழித்து அரை வெளிச்சம் விட்டும் பார்க்கிறார்கள். ஒரே ஒரு முறை எரித்தால் பெரிய பலன் இல்லை, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வீடுகள் காட்டுக்குள் பரவிவிட்ட இடத்தில் அது சுலபமும் இல்லை. 2016 நவம்பரில் பக்கத்து டென்னசி மாநிலத்தின் கேட்லின்பர்க் நகருக்குள் தீ புகுந்ததைப் பார்த்தவர்களிடம் போய் தீ நல்லது என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல். ஊறிப்போன சரிவுகளில் பெரிய ஓக்குகள் வேரோடு சாய்ந்தன. அந்தத் திறப்புகளில் எது எழுகிறது என்று பார்க்க இது நல்ல சமயம்.

ஓக்கின் மறுபிறப்பில் அணிலுக்கு உள்ள பங்கைச் சொல்லாமல் விட மனமில்லை. வெள்ளை ஓக் கொட்டை ஒரே ஆண்டில் முற்றி, விழுந்த அதே இலையுதிர் காலத்திலேயே முளைவிடும். சிவப்பு ஓக் வகைகளின் கொட்டை முற்ற இரண்டு ஆண்டு ஆகும், விழுந்த பிறகும் அடுத்த வசந்தம் வரை தூங்கும், கசப்பும் அதிகம். சாம்பல் அணிலுக்கு இது தெரியும். வெள்ளை ஓக் கொட்டையை அங்கேயே தின்றுவிடும். புதைத்து வைக்க வேண்டுமென்றால் முதலில் முளைக்கருவைக் கடித்து எடுத்துவிட்டுப் புதைக்கும், முளைத்து வீணாகாமல் இருக்க. சிவப்பு ஓக் கொட்டையை அப்படியே புதைக்கும், சிலவற்றை மறந்துவிடும் அல்லது அதற்குள் பருந்துக்கு இரையாகிவிடும். ஒரு வசந்தத்தில் பின்பனி அடித்தால் வெள்ளை ஓக்கின் காய்ப்பு அந்த ஆண்டே போகும், சிவப்பு ஓக்கின் காய்ப்பு அடுத்த ஆண்டில் போகும். இரண்டு வகையும் கலந்து நிற்கும் காட்டில் கரடி முழுப் பட்டினி கிடக்காமல் இருப்பதற்கு அது ஒரு காரணம். ஹிக்கரிக் கொட்டை ஓடு கடினமானது. செரோக்கி மக்கள் அதை ஓடோடு இடித்து உருண்டை பிடித்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது வெந்நீரில் கரைத்து வடிகட்டிக் கனுச்சி என்ற பானமாகச் செய்கிறார்கள்.

எங்கே போய்ப் பார்ப்பது என்றால், ஆஷ்விலை ஒட்டியே தென்மேற்கில் பென்ட் க்ரீக் ஆய்வுக் காடு இருக்கிறது. 1925-ல் தொடங்கியது, ஓக்கை எப்படி மீட்டெடுப்பது என்ற ஆய்வுகளுக்குப் பேர்போனது, நடைபாதைகள் நிறைய. அதைச் சுற்றியுள்ள பிஸ்கா தேசியக் காட்டின் ஒரு பகுதி முன்பு வான்டர்பில்ட் குடும்பத்தின் பில்ட்மோர் நிலம். அங்கே 1898-ல் அமெரிக்காவின் முதல் வனவியல் பள்ளியைத் தொடங்கிய கார்ல் ஷென்க்கை அந்த வேலைக்குப் பரிந்துரைத்தவர் டீட்ரிச் பிராண்டிஸ். இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர், 1882-ம் ஆண்டு மதராஸ் வனச் சட்டம் வந்த சமயத்தில் சென்னை மாகாணக் காடுகளைச் சுற்றிப் பார்த்து யோசனை எழுதிக் கொடுத்தவர். நம் ஊர் ரிசர்வ் காட்டுக்கும் இந்த ஓக் காட்டுக்கும் அப்படி ஒரு தொடர்பு. முழு ஏற்றத்தையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே சாலையில் ஆஷ்விலிலிருந்து க்ராகி கார்டன்ஸ் வழியாக மிட்செல் மலைவரை போங்கள். புயலுக்குப் பிறகு சாலையின் சில பகுதிகளை மூடி மூடித் திறக்கிறார்கள், கிளம்பும் முன் நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வி, கொடைக்கானல். வேண்டாம். உரிய இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை கொண்டுபோவது இந்தியத் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளின்படி குற்றம். பெட்டியில் போட்டு எடுத்துப்போகும் கொட்டை உலர்ந்தாலே முளைப்புத் திறன் போய்விடும் என்பது வேறு. விதியைவிடப் பெரிய காரணம், செஸ்ட்நட்டைக் கொன்ற பூஞ்சையும் இப்படித்தான் ஆசையாக வாங்கிவந்த நாற்றோடு வந்தது. வாட்டிலும் யூக்கலிப்டஸும் வைத்துப் பழனி மலைப் புல்வெளிகளை இழந்ததே நமக்குப் போதும்.

சார்லட் வீட்டில் இடமிருந்தால் அங்கேயே நடுங்கள், வெள்ளை ஓக் அந்த மண்ணுக்கும் சொந்தமான மரம். விழுந்த புதிதில் பொறுக்கித் தண்ணீரில் போட்டு, மிதப்பதை எறிந்துவிட்டு, மூழ்கியதை உடனே இரண்டு விரற்கடை ஆழத்தில் புதையுங்கள். சிவப்பு ஓக் என்றால் ஈர மண்ணோடு ஒரு பையில் கட்டி வசந்தம் வரை குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து நடலாம். ஹிக்கரிதான் வேண்டுமென்றால் முதல் சில ஆண்டுகள் அது ஆணிவேரைக் கீழே இறக்குவதிலேயே குறியாக இருக்கும், மேலே ஒன்றும் வளரவில்லையே என்று பிடுங்கிவிடாதீர்கள். மாக்கர்நட் காய்க்கத் தொடங்க 25 வருடம் ஆகும். எதை நட்டாலும் மேலே கம்பி வலை போட்டு நாலு பக்கமும் மண்ணில் அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காலையில் அணில் தோண்டி எடுத்திருக்கும்.